மூன்று இடங்களில் திருத்தியிருக்கிறேன்

மார்ச் 3

அண்ணிக்கு,

போன் பண்ணாதே, எழுது என்றீர்கள். எழுதிவிட்டேன். போன திங்கட்கிழமை ஒரே நாளில் உங்களுக்குப் பதினோரு தடவை போன் செய்தேன் என்று அண்ணன் இவரிடம் சொல்லிச் சிரித்தானாம். பதினொன்று இல்லை, ஒன்பது. இரண்டு தடவை கை பட்டுப் போனது.

கோபம் இருக்கிறது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "உனக்குப் பயப்படுறதுக்கு தினம் ஒண்ணு வேணும். எனக்கு ஆபீஸ்ல வேலை இருக்குடி. மனசுல வர்றதை ஒரு தாள்ல எழுது, திருப்பிப் படிக்காம அப்படியே எனக்கு அனுப்பு, நான் டைப் அடிச்சு வைக்கிறேன்" என்று சொல்லி நீங்கள் போனை வைத்தது என் நல்லதற்குத்தான் என்கிறார் இவர். இவர் எப்போதும் உங்கள் கட்சி. நாள் முழுக்க அச்சகத்தில் ஊரார் எழுதியதை அடித்துவிட்டு, வீட்டுக்கு வந்து என் கிறுக்கலையும் அடிக்கிறேன் என்கிறீர்களே, அதற்காகத்தான் உட்கார்ந்தேன்.

ஆனால் பயத்தை எழுதப் போனால் வேறு ஏதோ வந்தது. ஒரு தையல்காரி. கைக்குழந்தையைத் துணிக்கூடையில் போட்டு மிஷினுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தைக்கிறாள். பிள்ளையைக் கடைக்குக் கொண்டுவரக் கூடாது என்கிறான் முதலாளி. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அடுத்து என்ன நடக்கும் என்று யோசிக்காமல் எழுதுவது, விளக்கு இல்லாத மாடிப்படியில் இறங்குவது மாதிரி இருக்கிறது. கடைசிப் படி முடிந்துவிட்டதா, இன்னும் ஒன்று இருக்கிறதா என்று காலால் தடவிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஆறு பக்கம் இதனுடன் இருக்கிறது. திருப்பிப் படிக்கவில்லை, நகலும் எடுக்கவில்லை. ஒவ்வொரு பக்கத்தின் மேலேயும் இன்றைய தேதி மட்டும் போட்டிருக்கிறேன். கடுகு மதியம் தூங்கும்போது எழுதியது. அவளுக்கு நான்கு மாதம் முடிந்துவிட்டது. பிறந்தபோது அத்தனை சின்னதாக இருந்தாள் என்று நீங்கள் வைத்த பெயர், இனி மாறாது போலிருக்கிறது. எடை ஐந்தரை கிலோ. போன வாரமும் அதே ஐந்தரை. அதைப் பற்றி எழுதக் கூடாது என்றுதானே சொன்னீர்கள். எழுதவில்லை.

ஒரு நாளைக்கு ஐந்து தடவை குழந்தைக்குக் காய்ச்சல் பார்க்கிறேன் என்று நீங்கள் எல்லோருமாக எனக்கு வைத்த பெயரையே கீழே போடுகிறேன். சந்தோஷம்தானே.

தெர்மாமீட்டர்


மார்ச் 12

தெர்மாமீட்டருக்கு,

ஒன்பதாகவே இருக்கட்டும்.

ஆறு பக்கமும் அடித்தாகிவிட்டது. எங்கள் அச்சகத்துக்கு ஒரு டாக்டர் புத்தகம் எழுதிக் கொண்டுவருவார், அவர் கையெழுத்தைப் பார்த்து எல்லோரும் ஓடுவோம். உன் கையெழுத்துக்குப் பிறகு அவருடையது முத்து முத்தாகத் தெரிகிறது. பிள்ளையை ஒரு கையில் வைத்துக்கொண்டு எழுதுகிறாயா என்ன?

கதை ஓடுகிறது. உன் அண்ணன் படித்துவிட்டு, "அந்த முதலாளி யாரு, நானா?" என்று இரண்டு நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறான். ஆமாம் என்று சொல்லியிருக்கிறேன்.

ஒற்றுப்பிழைகளைச் சரிசெய்தேன். அது தவிர ஓர் இடத்தில் விஷயமே பிழை. ஐந்தாம் பக்கத்தில் கடையை மூடும்போது ஷட்டர் கை நழுவித் தடாலென்று விழுகிறது. குழந்தை கூடையில் அசையாமல் தூங்குகிறது என்று எழுதியிருக்கிறாய். அவசரத்தில் வந்ததாக இருக்கும். இரண்டு பிள்ளை பெற்றவள் சொல்கிறேன், ஷட்டர் விழுந்தால் அடுத்த தெருப் பிள்ளையும் எழுந்துகொள்ளும். "குழந்தை வீறிட்டு அழுதது" என்று மாற்றிவிட்டேன்.

பக்கங்களைத் திருப்பி அனுப்ப மாட்டேன். கேட்காதே. கையில் கிடைத்தால் முதல் வரியையே நாற்பது தடவை மாற்றுவாய். காலேஜில் ஒரு கட்டுரைக்குப் பதினாறு ஆரம்பம் எழுதி, முடிவே எழுதாமல் கொடுத்த ஆள்தானே நீ. மேலே போ. என்ன வருகிறதோ அதை எழுது. சரியா தப்பா என்று பார்க்க நான் இருக்கிறேன்.

அண்ணி


மார்ச் 29

அண்ணிக்கு,

ஷட்டர் விஷயத்தைத் திருத்தியது சரிதான். எனக்கே வெட்கமாக இருந்தது. பெற்று வளர்ப்பவள், பிள்ளை சத்தத்துக்கு எழும் என்பதுகூடத் தெரியாமல் எழுதியிருக்கிறேன்.

இன்னும் ஒன்பது பக்கம் அனுப்புகிறேன். எழுதும்போது ஒரு விசித்திரம் நடக்கிறது. கை முந்திப் போகிறது, நான் பின்னால் ஓடுகிறேன். இரண்டு பக்கம் தாண்டியதும் தையல்காரி என்னைக் கேட்காமலே முதலாளியிடம் பொய் சொல்கிறாள். ஒரு நாள் முழுக்க அது எனக்குப் பிடிக்கவில்லை. அடுத்த நாள்தான் அவள் சொன்னது சரி என்று பட்டது. நான் யோசித்து எழுதியிருந்தால் அவளை அழ விட்டிருப்பேன்.

பக்கத்துக் கட்டடத்தை இடிக்கிறார்கள். காலை பத்து மணிக்கு ஆரம்பித்தால் மாலை ஐந்து வரை துளை போடும் மிஷின். எங்கள் மூன்றாவது மாடி ஜன்னல் கண்ணாடி நடுங்குகிறது. குடியிருப்பில் எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டு திரிகிறார்கள். கடுகு மட்டும் கைகளை விரித்துக்கொண்டு தூங்குகிறாள். எதிர் வீட்டு டீச்சர் வந்து பார்த்துவிட்டு, "குடுத்து வெச்சவம்மா நீ. எம் பேரன் பூனை நடந்தாக்கூட எழுந்து உக்காந்துப்பான்" என்றார். பெருமையாக இருந்தது. என் மாமியார்கூட, "இந்த மாதிரி ஒரு சமர்த்து யாருக்குக் கிடைக்கும்" என்று போனில் சொன்னார்.

பயங்களை ஒரு நோட்டில் வரிசையாக எழுதி வைத்திருக்கிறேன். நேற்று எண்ணினேன், முப்பத்தெட்டு. தலை ஒரு பக்கமாகச் சப்பையாகிறது என்பது முப்பத்தெட்டாவது. சிரிக்காதீர்கள். அவள் தூக்கம் ஒன்றுதான் இதுவரை அந்த நோட்டில் ஏறவில்லை.

தெர்மாமீட்டர்


ஏப்ரல் 10

தெர்மாமீட்டருக்கு,

சிரித்தேன். உன் அண்ணன் தன் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டான். அவனுடையதும் சப்பைதான், கல்யாணம் ஆகி வேலைக்குப் போகவில்லையா?

இந்த ஒன்பது பக்கத்திலும் அதே பிழையை விட்டிருக்கிறாய். ஒன்பதாம் பக்கத்தில் இஸ்திரிப் பெட்டி கல் தரையில் விழுகிறது, குழந்தை விரலைச் சப்பிக்கொண்டு இருக்கிறது. பதின்மூன்றாம் பக்கத்தில் முதலாளி கூடைக்கு மேலே நின்று தொண்டை கிழியக் கத்துகிறான், குழந்தை தூங்குகிறது. உன் வீட்டுப் பெருமையைக் கதையில் ஏற்றுகிறாய் என்று புரிகிறது. ஆனால் படிக்கிறவர்கள் நம்ப மாட்டார்கள். இரண்டையும் சரிசெய்தேன். ஆக, மொத்தம் மூன்று இடங்களில் திருத்தியிருக்கிறேன். மற்றதில் கை வைக்கவில்லை.

அடித்த பதினைந்து பக்கத்தையும் உனக்கு அனுப்பச் சொல்லி உன் அண்ணன் நச்சரிக்கிறான். "எழுதினவளுக்குத் தெரிய வேணாமா, என்ன எழுதினோம்னு?" என்கிறான். இதில் வைத்திருக்கிறேன். ஒரே ஒரு தடவை படி. பேனாவைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாதே.

அண்ணி


ஏப்ரல் 27

அண்ணிக்கு,

படித்தேன். நன்றாக இருக்கிறது. என் கஷ்டமே அதுதான்.

எல்லாம் நான் எழுதியதுதான். தையல்காரி அப்படியே இருக்கிறாள். முதலாளியைப் பார்த்தால் எனக்கே எரிச்சல் வருகிறது. கூடையில் இருக்கும் அந்தக் குழந்தைதான் எனக்குத் தெரியாத குழந்தை. மூன்றே இடத்தில் திருத்தியதற்கு இவ்வளவு மாறிவிடுமா என்று சொல்லத் தெரியவில்லை. ரொம்ப அழுகிறது. நான் எழுதும்போது அது அழவே இல்லை, அண்ணி. அமைதியாக ஒரு பக்கம் கிடந்தது, அதனால்தான் அவள் பாட்டுக்குத் தைக்க முடிந்தது. இவரிடம் சொன்னேன். "சத்தம் கேட்டா புள்ள அழாம பின்ன கைதட்டுமா?" என்றார். ஆனாலும் எனக்குள் ஒன்று ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறது.

தப்பாக இருந்தால் தப்பாகவே அடித்துவிட முடியாதா? உங்கள் அச்சகத்துக்கு எழுதிக் கொண்டுவருகிறவர்களை இப்படித் திருத்துவீர்களா? அந்த டாக்டரைத் திருத்துவீர்களா? நாத்தனார் என்பதால்தானே இந்தச் சுதந்திரம்.

எட்டுப் பக்கம் வைத்திருக்கிறேன். இவற்றையாவது அப்படியே அடியுங்கள்.

தெர்மாமீட்டர்


மே 15

கண்ணு,

இந்தக் கடிதத்தை மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். திருப்பிப் படிக்காதே என்று உனக்குச் சொன்னவள் செய்கிற காரியத்தைப் பார்.

நீ கேட்டதற்கு முதலில் பதில். மாட்டேன். அந்த டாக்டரைத் திருத்த மாட்டேன். எங்கள் அச்சகத்தில் ஒரு வழக்கம் உண்டு. கண்ணுக்குப் பிழையாகத் தெரிவது ஒரு தடவை வந்தால் திருத்தலாம். அதே பிழை மூன்று தடவை வந்தால் கை வைக்கக் கூடாது. பக்கத்தின் ஓரத்தில் கோடு போட்டு, எழுதியவரைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். மூன்று தடவை ஒரே மாதிரி எழுதுகிறவர் தெரியாமல் எழுதுவதில்லை. பதினெட்டு வருஷமாக இதைச் செய்கிறேன். நீ வீட்டுப் பெண் என்பதால் கேட்கவில்லை. மூன்றையும் திருத்தினேன்.

இப்போது நாலாவது வந்திருக்கிறது. பத்தொன்பதாம் பக்கம். "அவள் பின்னால் நின்று மூன்று முறை கூப்பிட்டாள். கூடையில் அசைவில்லை. அவள் நிழல் துணியின் மேல் விழுந்ததும் குழந்தை தலையைத் திருப்பிச் சிரித்தது."

வழக்கம்போல மாற்றப் போனேன். கை போகவில்லை. இது உட்கார்ந்து யோசித்தால் வருகிற வரி இல்லை. பார்த்தவர்களால்தான் எழுத முடியும்.

அந்த நான்கு இடங்களும் வருகிற, நீ எழுதிய நான்கு பக்கங்களையும் இதில் வைத்திருக்கிறேன். திருப்பித் தர மாட்டேன் என்றேன், தருகிறேன். என் திருத்தம் எதுவும் அதில் இல்லை, உன் கையெழுத்து மட்டும்தான். வரிசையாகப் படி. படித்துவிட்டு எனக்கு ஒன்று சொல். நீ பின்னால் நின்று, நிழல் படாமல் கூப்பிட்டால் கடுகு திரும்புகிறாளா?

போன் செய்திருக்கலாம். இரண்டு நாள் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இத்தனை நாள் உன்னைப் பயப்படாதே என்று அடக்கியது நான். நானே கூப்பிட்டு இப்போது பயப்படு என்றால், அது என் பயமாக உன் காதில் விழும். நீ சண்டை போடுவாய், நான் விட்டுக்கொடுத்துவிடுவேன். உன் கையெழுத்தோடு உன்னால் சண்டை போட முடியாது.

நான் நினைப்பது தப்பாக இருந்தால் ரொம்ப நல்லது. ஆயுசுக்கும் என்னைக் கேலி பண்ணு.

அண்ணி


மே 18

அண்ணிக்கு,

பக்கங்கள் வந்தன. எழுதிய ஞாபகமே இல்லாத வரிகள். கையெழுத்து என்னுடையதுதான்.

நீங்கள் என்னதான் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்? ஆறு மாதமாக நான் எதைச் சொன்னாலும் சிரித்தீர்கள். பெயர் வைத்தீர்கள். போன் பண்ணாதே என்றீர்கள். நான் பயப்படாத ஒன்றே ஒன்று மிச்சம் இருந்தது, அவள் தூக்கம். அதையும் கவரில் போட்டு அனுப்பிவிட்டீர்கள். அவளுக்குக் காது கேட்கிறது. கதவைச் சாத்தினால் திரும்புகிறாள், இன்று காலைகூடத் திரும்பினாள். இவரிடம் நான்கு பக்கத்தையும் காட்டினேன். "அது கதை. இது நம்ம பொண்ணு. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காதே" என்றார்.

இனி பக்கங்கள் வராது.

மே 19

மேலே இருப்பதை நேற்றே அனுப்பியிருப்பேன். கூரியர் கடையை மூடிவிட்டார்கள்.

கதவைச் சாத்தும்போது காற்று வருகிறது. தரையும் அதிர்கிறது. இது எனக்குக் காலையில் பால் காய்ச்சும்போது தோன்றியது. அதனால் வேறு மாதிரி செய்து பார்த்தோம். கடுகைக் கட்டிலில் உட்கார வைத்து, இவர் முன்னால் பொம்மையை ஆட்டிக்கொண்டிருந்தார். நான் பின்னால், அறை வாசலில், நிழல் விழாத பக்கம் நின்று எவர்சில்வர் தட்டில் கரண்டியால் அடித்தேன். இவர் தூக்கிப் போட்டதுபோல் நிமிர்ந்தார். அவள் பொம்மையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஆறு தடவை அடித்தேன். ஆறாவது தடவை இவர், "போதும், வை" என்றார்.

கொஞ்ச நேரம் கழித்து அவரே கேட்டார். "பொறந்த மூணாம் நாள் காது டெஸ்ட்டுக்குப் போனப்போ மிஷின் ரிப்பேர்னு சொன்னாங்க. ஒரு மாசம் கழிச்சு வாங்கன்னாங்க. போனோமா?"

போகவில்லை. அந்த மாதம் மஞ்சள் காமாலை. பிறகு எடை. நோட்டை எடுத்துப் பார்த்தேன், இப்போது நாற்பத்தொன்று ஆகியிருக்கிறது. நகம் நீலமாக இருக்கிறதா என்பதுவரை எழுதி வைத்திருக்கிறேன். காது இல்லை.

வெள்ளிக்கிழமைக்கு நேரம் வாங்கியிருக்கிறோம்.


மே 30

கண்ணு,

நீ போனை எடுக்கவில்லை. சரி. உன் அண்ணன் உன் வீட்டுக்காரரிடம் பேசிவிட்டான். முதல் டெஸ்ட் சரியாக வரவில்லை, இன்னொரு தடவை எடுக்கப் போகிறார்கள் என்று மட்டும் தெரியும்.

நான் அடித்து வைத்திருந்ததில் அந்த மூன்று இடங்களையும் நீ எழுதியபடியே திருப்பிப் போட்டுவிட்டேன். இப்போது போட்டு யாருக்கு என்ன ஆகப்போகிறது என்று தெரிந்தும்தான் செய்தேன். மிஷின் முன்னால் உட்கார்ந்தால் வேறு வேலை ஓடவில்லை. மார்ச்சில் வந்ததை மார்ச்சிலேயே உன்னிடம் கேட்டிருக்க வேண்டும். இரண்டு மாதத்துக்கு மேல் என்னால் போனது. இரண்டு பிள்ளை பெற்றவள் என்று பெரிதாக எழுதினேனே, அந்தக் கடிதம் இருந்தால் கிழித்துப் போட்டுவிடு.

அச்சகத்தில் லீவு சொல்லிவிட்டேன். வா என்றால் வருகிறேன். வராதே என்றால் வராமல் இருப்பேனா என்று எனக்கே தெரியவில்லை.

அண்ணி


ஜூலை 4

அண்ணிக்கு,

நீங்கள் வந்துவிட்டுப் போய் இருபது நாள் ஆகிறது. இருந்த நான்கு நாளும் நாம் சமையலைப் பற்றியும் துணி காய்வதைப் பற்றியும்தான் பேசினோம். மற்றதை எழுதத்தான் வருகிறது.

இரண்டாவது டெஸ்ட்டில் நீங்களும் இருந்தீர்கள், அவளைத் தூங்க வைத்து நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் ஒயரை ஒட்டியதைப் பார்த்தீர்கள். நீங்கள் கிளம்பிய பிறகு டாக்டர் விவரமாகச் சொன்னார். இரண்டு காதும். முழுக்கக் கேட்காமல் இல்லை. காதோரம் வந்து பலமாகப் பேசினால் லேசாகக் கேட்குமாம். "இப்பவே வந்தீங்களே, நல்லது. பேச்சு வரலையேன்னு ரெண்டு வயசுல கூட்டிட்டு வர்றவங்கதான் ஜாஸ்தி" என்றார். காதின் உள் அளவை மெழுகு மாதிரி ஒன்றை வைத்து எடுத்தார்கள். அந்த அளவில் செய்து காதுக்குள் வைக்கிற அச்சை, அவள் வளர வளர மாற்றிக்கொண்டே இருக்க வேண்டுமாம்.

முந்தாநாள் இரண்டு காதிலும் கேட்கும் மிஷின் மாட்டினார்கள். சிரிப்பாள் என்று எதிர்பார்த்து இவர் போனில் வீடியோ எடுத்துக்கொண்டு நின்றார். நான் அவள் பெயரைச் சொன்னேன். பயந்து அழுதாள். பிறகு தன் அழுகைச் சத்தமே கேட்டு நிறுத்தினாள். மறுபடி கொஞ்சம் அழுது பார்த்தாள். அதன் பிறகு ஒன்றைப் பிடுங்கி வாயில் போட்டுக்கொண்டாள். இப்போதைக்கு ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம் தாங்குகிறாள்.

உங்கள் மேல் கோபம் இருந்தது. நீங்கள் வந்து இறங்கிய அன்றும் இருந்தது. அது திருத்தியதற்கா, கண்டுபிடித்ததற்கா என்று எனக்கே பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. இரண்டு மாதம் உங்களால் போனது என்று எழுதியிருந்தீர்கள். மார்ச்சில் நீங்கள் கேட்டிருந்தால், கை தவறி எழுதிவிட்டேன் என்றுதான் நான் சொல்லியிருப்பேன். நீங்கள் திருத்தியதை எவ்வளவு வெட்கத்தோடு ஒத்துக்கொண்டேன் என்று என் கடிதத்தைப் பாருங்கள்.

ஒரு மாதத்துக்கு மேல் எழுதவே முடியவில்லை. ஒவ்வொரு வரியும் எதையாவது ஒளித்து வைத்திருக்கிறதோ என்று முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். முறைத்தால் வரி வருமா? நேற்று கடுகு தரையில் டப்பாக்களைத் தட்டிக்கொண்டிருந்தபோது, என்ன எழுதப் போகிறேன் என்று நினைக்காமல் இரண்டு பக்கம் எழுதிவிட்டேன். இதில் இருக்கிறது. படிக்காமல்தான் மடித்தேன். பிழை என்று பட்டால் ஓரத்தில் ஒரு கோடு போட்டு என்னைக் கேளுங்கள். மூன்று தடவை வரைக்கும் காத்திருக்க வேண்டாம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மிஷின் தருவதற்கு முன் ஒரு படிவம் நிரப்பச் சொன்னார்கள். குழந்தை பிறந்த தேதி, எடை, வீட்டில் வேறு யாருக்காவது உண்டா என்று வரிசையாகக் கேள்வி. கடைசியில், "குறையை முதலில் கவனித்தவர் யார்? எப்போது?"

இவர், "அண்ணின்னு போடு. மே பதினஞ்சு" என்றார். நியாயம்தான். பேனாவைத் தாளில் வைத்தேன், எழுத வரவில்லை. டாக்டரிடம் காட்ட வேண்டியிருக்குமோ என்று அந்த நான்கு பக்கங்களையும் பையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தேன். எடுத்துப் பார்த்தேன். ஷட்டர் விழுகிற பக்கத்தின் மேலே, நான் எழுதி அனுப்பிய நாளின் தேதி இருந்தது. "அம்மா" என்று எழுதினேன். பக்கத்தில் மார்ச் 3 என்று போட்டேன்.

படிவத்தை வாங்கிய பெண் படித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். "மார்ச்லயே கவனிச்சுட்டீங்களா? அப்புறம் ஏன்மா இவ்வளவு நாள் கழிச்சு வந்தீங்க?"

"கவனிச்சது அப்போ. எனக்குத் தெரிய வந்தது இப்போதாங்க" என்றேன்.

அவளுக்குப் புரிந்த மாதிரி தெரியவில்லை. முத்திரை குத்தி, அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

தெர்மாமீட்டர்